பட்டம் பெற்ற பிள்ளையும் கயிறு பிடிக்கும் கைகளும்

வ.உ.சி. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைக் கண்டு வியந்தபின், கரையோரமாகச் சற்று நடந்து பாருங்கள். உப்பளங்களும் மீனவர் குடியிருப்புகளும் தென்படும். முத்துக்குளிப்புக்கு உலகப் புகழ்பெற்ற கரை இது. 1961-இல் நடந்ததே இங்கு நடைபெற்ற கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அக்காலத்தில் கடலுக்குள் மூழ்கியவரின் உயிர், தோணியில் நின்று கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. மூழ்குபவரின் துணிவு எவ்வளவு இன்றியமையாததோ, கயிறு பிடித்தவரின் பொறுப்பும் அவ்வளவு இன்றியமையாததாக இருந்தது.

வசதியற்ற பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்கும் இன்று இவ்விருவர் தேவை. ஒருவர், அங்கு சென்று கற்பிக்கத் துணியும் இளம் பட்டதாரி. மற்றவர், அவரைத் தாங்கி நிற்கும் தொழில் நிறுவனம்.

எண்ணம் பிறந்த விதம்

1989-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி வெண்டி கோப், தம் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் ஒரு யோசனையை எழுதினார். சிறந்த பட்டதாரிகளைப் பெரிய நிறுவனங்கள் தேடிச் சென்று வேலைக்கு எடுக்கின்றனவே. அவ்வாறே ஏழைப் பள்ளிகளுக்கும் ஈராண்டுப் பணிக்கு ஆள் எடுத்தால் என்ன என்பதே அது. மோபில் எண்ணெய் நிறுவனம் தொடக்க நிதியாக 26,000 டாலர் வழங்கியது. தொழிலதிபர் ராஸ் பெரோ 5 இலட்சம் டாலர் தர முன்வந்தார். ஆனால் அதைப் போல் மும்மடங்கைப் பிறரிடம் திரட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1990-இல் ஏறத்தாழ 500 இளைஞர்கள் வகுப்பறைகளுக்குச் சென்றனர். அவர்களுக்குச் சம்பளம் வழங்கியவை பள்ளி நிர்வாகங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கவும், பயிற்சியளிக்கவும், பணிக்காலம் முழுவதும் துணை நிற்கவுமே நன்கொடைகள் பயன்பட்டன.

பிரிட்டனில் 2002-இல் இத்தகைய அமைப்பு தோன்றியது. நம் நாட்டில் ஷாஹீன் மிஸ்திரி தொடங்கிய 'டீச் ஃபார் இந்தியா' 2009-இல் மும்பையிலும் புனேயிலும் தன் முதல் ஆசிரியர்களைப் பணியில் அமர்த்தியது. பின்னர் சென்னைக்கும் வந்தது. தேர்வு பெறுவோர் அரசுப் பள்ளிகளிலும் குறைந்த கட்டணப் பள்ளிகளிலும் இரண்டாண்டுகள் முழுநேரம் கற்பிக்கின்றனர். நன்கொடையாளர் தரும் நிதியிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது.

சட்டம் தந்த வாய்ப்பு

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவின் வழியே ஒரு கடமையை வகுத்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாய நலனுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், கல்வியையும் அந்நலப் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது.

பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசினால் நிறுவனத்தின் பெயர்ப் பலகையை உடனே மாட்டிவிடலாம். கணக்குக்கு அஞ்சும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்கு கற்றுத் தேறியதற்கு எங்கே பலகை மாட்டுவது? ஆயினும் அச்சிறுமிக்கு வேண்டியது ஆசிரியர் அல்லவா?

நியாயமான கேள்விகள்

சில வாரப் பயிற்சியோடு வருபவர் நல்லாசிரியர் ஆவாரா? பிள்ளைகள் ஒட்டிப் பழகிய வேளையில் அவர் விடைபெற்றுப் போனால் என் செய்வது? இக்கேள்விகளை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, இவர்களிடம் பயின்ற பிள்ளைகள் கணிதத்தில் சற்று முன்னேறினர் என்றும், வாசிப்பில் வேறுபாடு இல்லை என்றும் கண்டது. பயன் உண்டு, அற்புதம் இல்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என வரையறுத்துள்ளது. தகுதி பெற்ற நிரந்தர ஆசிரியரை நியமிப்பது அரசின் கடமை. இளம் பட்டதாரிகள் அவருக்குத் துணையாகலாமேயன்றி, அவருடைய இடத்தை நிரப்பும் மலிவான மாற்றாக ஆகிவிடக் கூடாது. ஓராண்டு நிதி தந்து மறு ஆண்டு நிறுத்திவிடும் நிறுவனமோ, மூழ்கியவர் மேலே வருமுன் கயிற்றை விட்டவருக்கு ஒப்பாகும்.

இக்கரையின் முன்மாதிரி

இத்துறைமுகத்துக்குப் பெயர் தந்த வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் தந்தார். வணிகமும் பொதுநலனும் ஒரே தோணியில் செல்ல முடியும் என்பதை இக்கரை அன்றே காட்டிவிட்டது.

கம்பெனி நடத்தும் சகோதரர்களே! உங்கள் நலநிதியில் ஒரு பகுதியை, குறைந்தது மூன்றாண்டு உறுதியோடு, ஆசிரியருக்கென ஒதுக்குங்கள். ஜமாஅத் பெரியோர்களே! வெளியூரிலிருந்து கற்பிக்க வரும் இளம்பெண்ணுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் தேடிக் கொடுங்கள். அதுவும் கயிறு பிடிப்பதே.

பெற்றோர்களே! பட்டம் பெற்ற உங்கள் மகனோ மகளோ, "இரண்டாண்டு கற்பிக்கப் போகிறேன்" என்று வந்து நின்றால், "காலத்தை வீணாக்காதே" என்று உடனே மறுத்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதானே?