துடக்கும் தூய்மையும்: சமாரியன் கதை எங்கள் ஒழுங்கைக்குச் சொல்வது

கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். இன்றுவரை தகவல் இல்லை. அக்கா பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. கலியாணவீட்டுக்குப் போனால் "புருசன் இல்லாதவள் முன்னுக்கு வாறாள்" என்கிறார்கள். போகாவிட்டால் திமிர் என்கிறார்கள். வீடு திருத்த மேசன் இரண்டு நாள் வந்துபோனால் அதற்கும் ஒரு கதை. அந்தக் கதைகளைச் சங்கக்கடை வாசலில் நானும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். கிறிஸ்தவ நண்பர் ஒருவரின் தாயாருடைய செத்தவீட்டில் கேட்ட பிரசங்கம்தான் அந்த மௌனத்தைப் பற்றி யோசிக்க வைத்தது. பேசப்பட்டது ஒழுக்கத் தூய்மை பற்றி. எடுத்துக்கொண்ட கதை நல்ல சமாரியன்.

கதை பலருக்குத் தெரியும். கள்வர் அடித்துப்போட்ட ஒருவன் தெருவோரம் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஒரு குரு விலகிப் போகிறார். ஆலயப் பணி செய்யும் லேவியரும் விலகிப் போகிறார். யூதர்கள் இழிவாகப் பார்த்த சமாரியன் ஒருவன்தான் நின்று காயத்தைக் கட்டுகிறான். மற்ற இருவரும் ஏன் விலகினார்கள் என்று கதை சொல்லவில்லை. ஆனால் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற சட்டம் குருமாருக்கு இருந்தது. தங்கள் தூய்மையைக் காக்கவே விலகியிருக்கலாம் என்று விளக்குவோர் பலர்.

அந்தத் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்கிறோம். கரவெட்டிக்கு அது புதிதல்ல. சாதியின் பெயரால் பள்ளிக்கூட வாங்கு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் கா. சூரன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவரையாளிப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார். யாழ்ப்பாணத் தேவாலயங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அங்கும் சாதி பார்த்து இருக்கை ஒதுக்கிய காலம் இருந்தது.

அப்படியானால் கிறிஸ்தவம் ஒழுக்கத்தைக் கைவிடச் சொல்கிறதா? இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியிலிருந்து காப்பாற்றிய இயேசு, இனிப் பாவம் செய்யாதே என்றும் சொல்லித்தான் அனுப்புகிறார். யாக்கோபின் கடிதம் மாசற்ற பக்தி எது என்று விளக்கும்போது இரண்டைச் சேர்த்தே வைக்கிறது: அநாதைகளையும் விதவைகளையும் அவர்களுடைய துன்பத்தில் போய்ப் பார்ப்பது, உலகத்தின் கறை படாமல் தன்னைக் காப்பது. ஒன்றை விட்டு மற்றது இல்லை.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. கை கழுவாமல் சாப்பிடுவது பற்றிய விவாதத்தில், மனிதனை அசுத்தமாக்குவது உள்ளே போவது அல்ல, உள்ளிருந்து வெளியே வருவதே என்கிறார் இயேசு. அவர் அடுக்கும் பட்டியலில் விபசாரம் இருக்கிறது. அதே பட்டியலில் அவதூறும் இருக்கிறது. அந்தக் கணக்கின்படி, ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிச் சங்கக்கடை வாசலில் கதை கட்டுகிறவர் தூய்மையின் காவலர் அல்ல. அவரும் அந்தப் பட்டியலுக்குள்தான் நிற்கிறார்.

விலகிப் போகாதவர்களையும் எங்கள் மண் கண்டிருக்கிறது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தபோது, அவர்களை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்றவர் அருட்தந்தை ஜிம் பிறவுண். சில நாட்களில், ஓகஸ்ட் 20ஆம் திகதி, அவர் காணாமல் ஆக்கப்பட்டார். முள்ளிவாய்க்காலில் கடைசிவரை மக்களுடன் நின்ற அருட்தந்தை சரத்ஜீவன், 2009 மே 18 அன்று மக்களோடு வெளியேறி வரும்போது உயிரிழந்தார். அதே நாளில் சரணடைந்தவர்களுடன் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பதுங்குகுழிகளில் யாரும் துடக்குப் பார்க்கவில்லை. பக்கத்தில் செத்துக் கிடந்தவர் என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, வேலி அடைத்து, படலை போட்ட பிறகுதான் துடக்கும் திரும்பி வந்தது. அதன் பாரம் பெண்கள் மீதே விழுந்தது. 2010இல் அரசாங்கத்தின் பிரதி அமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கில் வடக்கு கிழக்கின் போர் விதவைகள் 89,000 பேர். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாதவர்களும், புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த முன்னாள் பெண் போராளிகளும் இதே பார்வையின் கீழ்தான் வாழ்கிறார்கள்.

இதை எழுதலாமா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுதச் சொன்னார். பிரசங்கத்தில் கேட்ட இரக்கத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இரக்கப்பட வேண்டாம் தம்பி. கலியாணவீட்டுக்குக் கூப்பிட்டால், வரவேணும் என்று நினைச்சுக் கூப்பிடச் சொல்லுங்கோ. அது போதும்."

சமாரியன் செய்ததும் அதுதான். தூரத்தில் நின்று பரிதாபப்படவில்லை, கிட்டப் போனான். எங்கள் ஒழுங்கையில் அதற்கு நாற்பது அடி நடந்தால் போதும். அடுத்த முறை சங்கக்கடை வாசலில் அந்தக் கதை தொடங்கும்போது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வது என் பங்கு.