கேமரா கடல் பக்கமா, ரோடு பக்கமா? எண்ணூரை வெச்சு ஒரு ஸ்டோரிபோர்டு கிளாஸ்!

விஸ்காம் கிளாஸ்ல 'உங்க ஏரியாவைப் பத்தி ஒரு நிமிஷப் படம்... அடுத்த வாரம் ஸ்டோரிபோர்டோட வாங்க'ன்னு சொல்லிட்டாங்களா? நீங்க ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம்னா கதைக்குப் பஞ்சமே இல்லை. 'எனக்கு வரையவே வராதே'ங்கிறதுதான் பயம்னா, குச்சி மனுஷங்களே போதும். கேமரா எங்கே நிற்குது, ஏன் அங்கே நிற்குது... இந்த ரெண்டுக்கும் கட்டத்துக்குள்ள பதில் இருக்கணும். அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தை வளர்த்தது வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ. 1930-கள்ல காட்சிகளைத் தனித்தனித் தாள்ல வரைஞ்சு பலகையில குத்தி வெச்சாங்க. பிடிக்காத தாளை எடுத்துட்டு வேற தாளைக் குத்தலாம். நம்ம ஊர்ல சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'யை (1955) முதல்ல ஓவியங்களாத்தான் யோசிச்சார். விளம்பர கம்பெனியில ஓவியரா இருந்தவராச்சே! 'மெட்ராஸ்' (2014) எடுத்த பா.இரஞ்சித்தும் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில படிச்சவர்தான். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கும்போது, ஒரே சுவரை எத்தனை கோணத்துல காட்டுறாங்கன்னு மட்டும் எண்ணிப் பாருங்க.

சரி, நம்ம படத்துக்கு ஒரு நிஜ சம்பவத்தை எடுத்துக்கலாம். 2017 ஜனவரி 28, அதிகாலை 4 மணி வாக்குல காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்'னு ரெண்டு கப்பல்கள் மோதின. கொட்டின எண்ணெய் எர்ணாவூர் பக்கம் கரையில கட்டியா ஒதுங்கிச்சு. அதை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பிளாஸ்டிக் வாளியில அள்ளினாங்க. ஆமா, வாளியிலதான்.

இதைக் கொடுத்தா நம்மில் பலர் முதல் கட்டத்துலேயே கப்பல் மோதி நெருப்பு வெடிக்கிற மாதிரி வரைவோம். நடந்தது அது இல்லை. கரையில இருந்தவங்க மோதலைப் பார்க்கவும் இல்லை. அவங்க பார்த்தது கறுத்த அலையை. வடசென்னைன்னாலே அரிவாள், அடிதடின்னு பார்த்துப் பழகின கண்ணு நம்மளோடதும்தான். அதனால நடக்காத நெருப்பை விட்டுட்டு வாளியில ஆரம்பிங்க. முதல் கட்டம்: வாளியோட க்ளோசப், உள்ளே ஒரு கை. ரெண்டாவது: அந்தக் கை அடுத்த கைக்கு வாளியைக் கொடுக்குது. மூணாவது: லாங் ஷாட்ல, கற்கள் மேல வரிசையா மனுஷங்க. கடலை நாலாவது கட்டத்துலதான் காட்டணும். அதுவரைக்கும் வாளியில என்ன இருக்குன்னு பார்க்கிறவங்க யோசிச்சுட்டே இருப்பாங்க.

இப்போ திசை. உங்க கேரக்டர் ஒரு பொண்ணு, ஷேர் ஆட்டோவுல திருவொற்றியூர்லேர்ந்து எண்ணூர் போறாங்கன்னு வைங்க. வடக்கே போனா கடல் அவங்க வலது பக்கம். கேமராவை கடல் பக்கம் வெச்சா ஆட்டோ இடமிருந்து வலமா ஓடும். பின்னாடி வீடுகள், ஃபேக்டரிகள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வெச்சா வலமிருந்து இடமா ஓடும், பின்னாடி கடல். எது வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஆனா திடீர்னு அடுத்த கட்டத்துல மாத்தினா, 'எதுக்கு இவங்க திரும்பிப் போறாங்க?'ன்னு பார்க்கிறவங்க குழம்புவாங்க. சினிமாவுல இதைத்தான் 180 டிகிரி விதின்னு சொல்றாங்க. கட்டத்தோட ஓரத்துல சின்னதா ஒரு அம்புக்குறி போட்டுட்டே வந்தா தப்பு உடனே தெரிஞ்சிடும்.

போன்ல வரையிறவங்களுக்கு ஐபிஸ்பெயின்ட் போதும். லேப்டாப் இருந்தா கிரிட்டா, ஸ்டோரிபோர்டர் ரெண்டுமே இலவசம். கிரிட்டாவுல ஸ்டோரிபோர்டுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை செகண்ட், என்ன சத்தம்னு அங்கேயே எழுதலாம். கேன்வாஸ் 1920-க்கு 1080. அடி லேயர்ல ரஃப், அதோட ஒப்பாசிட்டியைக் குறைச்சிட்டு மேல் லேயர்ல கோடு. கரையை ஒரு தடவை மட்டும் வரைஞ்சு, டூப்ளிகேட் பண்ணி ஆட்களை மட்டும் மாத்திக்குங்க. பாதி ராத்தூக்கம் இதுலதான் மிச்சம்!

கலர் பக்கம் போகவே வேண்டாம். கடல், கல், மனுஷங்க எல்லாத்துக்கும் சாம்பல் நிறத்துல ரெண்டு மூணு ஷேடு. முழுக் கறுப்பை எண்ணெய்க்கு மட்டும் வெச்சுக்குங்க. ஒருத்தரோட முழங்கை வரைக்கும் அந்தக் கறுப்பு ஏறியிருந்தா, வசனமே தேவைப்படாது.

ரெஃபரன்ஸ் வேணும்னா காசிமேட்டுக்கு ஒரு காலையில போயிட்டு வாங்க. படகுகள், வலைகள், ஐஸ் பெட்டிகள்னு எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும். ஆட்களை போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. ஏ.ஐ-கிட்ட 'மீனவர்'னு கேட்டா எந்த ஊர் படகு வரும்னு சொல்ல முடியாது. நம்ம கரையில ஓடுறது ஃபைபர் படகும் விசைப்படகும்தான்.

ஒரு நிமிஷத்துக்கு 12 கட்டங்கள் தாராளம். சராசரியா ஒண்ணுக்கு அஞ்சு செகண்ட். ஆனா எல்லாத்துக்கும் அஞ்சு கொடுக்காதீங்க. வாளி கைமாறுறது ரெண்டே செகண்ட், கடைசியில காலி வாளி அலையில உருளுறது பத்து செகண்ட்னு கூட்டிக் குறைங்க. படங்களை ஏதாவது ஒரு எடிட்டிங் ஆப்ல வரிசையாப் போட்டு, அலைச்சத்தத்தை போன்லயே ரெக்கார்டு பண்ணிச் சேருங்க. இதுக்குப் பேர் அனிமேட்டிக்.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி அதைக் கதை தெரியாத ஒருத்தர்கிட்ட, பக்கத்து வீட்டு அக்காகிட்டேயே, காட்டுங்க. நீங்க எதுவும் பேசக் கூடாது. 'அது என்ன, தண்ணியா?'ன்னு மூணாவது கட்டத்துல கேட்டா நல்ல சகுனம். கடல் வந்த பிறகும் அதையே கேட்டா, நாலாவது கட்டத்தைத் திரும்ப வரையணும்.