கட்டம் கலையாமல் கசங்கலை நீக்க

துணியின் கசங்கல் ஒளிப்படத்தில் இரண்டு விதமாகப் பதிகிறது. மேடுபள்ளத்தால் ஓரிடம் வெளுத்தும் அதை ஒட்டிய இடம் இருண்டும் தெரிகிறது. கூடவே நெசவுக் கோடுகளும் வளைந்து இடம் மாறுகின்றன. வெற்றுத் துணியில் முதலாவதைச் சரிசெய்தால் போதும். காரைக்குடிக் கண்டாங்கி போன்ற கட்டம் போட்ட சேலையிலோ இரண்டாவதுதான் பெரும்பாடு. கோடு சற்றே பிசகினாலும் கண் பிடித்துவிடும்.

போட்டோஷாப்பில் 2002இல் சேர்ந்த ஹீலிங் பிரஷ், ஓரிடத்து இழையமைப்பை எடுத்து, ஒட்டும் இடத்தின் நிறத்தோடும் ஒளியோடும் குழைத்துவிடும். முகப்பருவை மறைக்க அது அருமையான கருவி. கட்டத் துணியில் அந்தக் குணமே கெடுதல்: சிவப்புக் கோட்டின் ஓரத்தில் தீட்டினால் சிவப்பு பக்கத்து மஞ்சளுக்குள் கசிந்து கறையாகத் தெரியும்.

ஆகவே முதலில் ஒளியை மட்டும் தனியே திருத்துவது நல்லது. 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரைப் படத்தின் மேல் வைத்து, கலப்பு முறையை 'சாஃப்ட் லைட்' ஆக்க வேண்டும். நடுச்சாம்பல் படத்தை மாற்றாது. அந்த லேயரில் வெள்ளை தீட்டிய இடம் வெளுக்கும், கருப்பு தீட்டிய இடம் இருளும். பிரஷின் ஃப்ளோவை 5 சதவீத அளவில் வைத்து, மடிப்பின் இருட்டுப் பக்கம் வெள்ளையையும் வெளிச்சப் பக்கம் கருப்பையும் மெல்ல மெல்ல ஏற்றினால், கோடுகள் அப்படியே இருக்க நிழல் மட்டும் கரையும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இந்தப் பொறுமைக்கு ஈடான குறுக்குவழி கிடையாது. பட்டில் நிழலோடு நிறமும் மாறியிருக்கும். அதற்கு 'கலர்' முறையில் இன்னொரு லேயர் வைத்து, பக்கத்து நிறத்தைத் தொட்டுத் தீட்டலாம்.

பலர் நாடும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் முறை, படத்தை மங்கலான நிற அடுக்காகவும் நுண்ணிய இழை அடுக்காகவும் பிரிக்கிறது. பொடிக்கோட்டுச் சட்டைக்கும் சின்னப் புட்டாவுக்கும் அது உதவும். அகலக் கட்டத்தில் கட்டமும் மடிப்பின் நிழலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால், இரண்டும் மங்கலான அடுக்கிலேயே சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

வளைந்த கோடுகளை 'லிக்விஃபை' அல்லது 'வார்ப்' கொண்டு சிறுகச் சிறுகத் தள்ளி நேராக்கலாம். மடிப்புக்குள் மறைந்துபோன துணியையும், பளபளப்பில் விவரமே இழந்த ஜரிகையையும் எந்த ஒளித்திருத்தமும் மீட்காது. அதே சேலையின் கசங்காத பகுதியிலிருந்து கட்டம் ஒன்றை முழுதாக நகலெடுத்துப் பொருத்த வேண்டும். நகல் லேயரைத் தற்காலிகமாக 'டிஃபரன்ஸ்' முறையில் வைத்து நகர்த்தினால், கோடுகள் சரியாக ஒன்றும்போது அந்த இடம் கருப்பாகிவிடும். பிறகு முறையை இயல்புக்கு மாற்றி, மாஸ்க் போட்டு ஓரத்தைக் கலக்கலாம். வெட்டும் ஓரம் கோட்டின் விளிம்போடு ஓடினால் ஒட்டு தெரியாது.

கொசுவமும் தோள் மடிப்பும் கசங்கல் அல்ல. அவற்றையும் தேய்த்துவிட்டால் சேலை உடலில் நிற்காமல் காகிதமாகத் தட்டையாகிவிடும். பெட்டியில் மடித்து வைத்ததால் விழுந்த கோடுகளை மட்டும் எடுப்பதே நலம். அவற்றில் பாதியைப் படம் எடுக்குமுன் நீராவி இஸ்திரியே போக்கிவிடும். பக்கவாட்டு விளக்கைத் தவிர்த்து, பரவலான ஒளியை முன்னிருந்து விட்டால் மிச்சமும் அடங்கித் தெரியும்.

போட்டோஷாப்பில் 2023இல் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஜெனரேட்டிவ் ஃபில் நொடிகளில் மடிப்பை நிரப்பும். ஆனால் நெசவில் இல்லாத கட்டத்தையும் தானே புனைந்துவிடும். விளம்பரத்தின் பின்னணித் திரைக்கு அது போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியை விற்பனைக்குக் காட்டும் படத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது. வாங்குபவர் கட்டத்தையும் கரையையும் பார்த்தே சேலையைத் தேர்ந்தெடுக்கிறார்.