47-ஆம் ஆசாமியின் குற்றம்

2004 மே 10-ஆம் தேதி ஜப்பானின் கியோட்டோ காவல்துறை ஒரு நிரலாளரைக் கைது செய்தது. பெயர் இசாமு கனேகோ, வயது 33, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை. அவர் எந்தப் படத்தையும் திருடவில்லை, எந்தப் பாட்டையும் நகலெடுத்து விற்கவில்லை. ‘வின்னி’ என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளை எழுதி, தன் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அதை வைத்து வேறு இருவர் காப்புரிமையை மீறினார்கள், அதற்கு இவர் உடந்தை என்பதுதான் குற்றச்சாட்டு.

நானும் நிரல் எழுதிப் பிழைக்கிறவன்தான். சென்னையில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர், டைரி அட்டை டிசைன்களை அனுப்புவதற்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு டிசைனே சில ஜிபி வரும், மெயிலில் போகாது. என் மென்பொருள் கோப்பைத் துண்டு துண்டாக்கி, கணினிக்குக் கணினி நேராகத் தள்ளிவிடும். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காசு வாங்குவதில்லை. ஆகவே கனேகோவின் வழக்கை வெளிநாட்டுச் செய்தி என்று என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

வின்னி பிறந்த சூழ்நிலை கனேகோவுக்குச் சாதகமானது அல்ல. அதை மறைத்துவிட்டு அவருக்காக வாதாடுவது நியாயமில்லை. அந்தக் காலத்தில் ஜப்பானியர்கள் ‘வின்எம்எக்ஸ்’ என்ற மென்பொருளில் படமும் பாட்டும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 2001 நவம்பரில் அப்படிப் பகிர்ந்த இருவரை இதே கியோட்டோ போலீஸ் பிடித்தது. மாட்டிக்கொள்ளாத மாதிரி ஒன்று வேண்டும் என்ற பேச்சு ‘2சேனல்’ என்ற விவாதத் தளத்தில் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. 2002 ஏப்ரலில் பெயர் சொல்லாத ஒருவர் அங்கே வந்து, ஆள் அடையாளம் காட்டாத ‘ஃப்ரீநெட்’ என்ற பரிமாற்ற மென்பொருளின் பாணியில் ஒன்றை எழுதிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அந்தத் திரியில் அது 47-ஆவது பதிவு. அன்றிலிருந்து அவருக்கு ‘திரு. 47’ என்றே பெயர். மே மாதமே முதல் பதிப்பு வந்துவிட்டது. எம், எக்ஸ் இரண்டையும் ஒவ்வொரு எழுத்து தள்ளி என், ஒய் ஆக்கினார், வின்எம்எக்ஸ் வின்னி ஆனது.

தொழில்காரன் கண்ணில் வின்னி அழகான வேலை. நடுவில் கட்டுப்படுத்தும் சர்வர் கிடையாது. ‘இன்ன கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற சிறு குறிப்பு மட்டும் கணினி விட்டுக் கணினி தாவிக்கொண்டே இருக்கும். கோப்பு வரும்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கணினி வழியாகச் சுற்றி வரலாம். அப்படி வந்தால், பூட்டப்பட்ட ஒரு நகல் அங்கேயும் தங்கிவிடும். அந்தக் கணினிக்காரருக்குத் தன் வட்டில் என்ன கிடக்கிறது என்றே தெரியாது. பலர் கேட்கும் கோப்பு பல இடங்களில் தங்குவதால், கூட்டம் கூடக்கூட வேகமும் கூடும். ஒரு சர்வரில் கூட்டம் கூடினால் அது படுத்துவிடும். இங்கே நடப்பது நேர் எதிர். இவ்வளவையும் ஒரு தனி மனிதர், வேலை போக மிச்ச நேரத்தில் எழுதினார்.

2003 நவம்பரில் வின்னி பயன்படுத்திய இருவர் கைதானார்கள். ஒருவர் பகிர்ந்தவற்றில் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ திரைப்படம் இருந்தது, இன்னொருவரிடம் நின்டெண்டோவின் சூப்பர் மரியோ விளையாட்டு. அதோடு கனேகோ வீட்டிலும் சோதனை நடந்தது. இனிமேல் வின்னியைத் தொடமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் பெரிய கேடு இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

ஏனென்றால் அதற்குள் ‘ஆன்டினி’ என்ற வைரஸ் வின்னி வழியாகப் பரவத் தொடங்கியிருந்தது. அது கணினியில் கிடக்கும் சொந்தக் கோப்புகளை எடுத்து, ஊருக்கே பகிரும் பெட்டிக்குள் போட்டுவிடும். 2004 மார்ச்சில் கியோட்டோ போலீஸ்காரர் ஒருவருடைய கணினியிலிருந்தே விசாரணை ஆவணங்கள் வெளியே போயின. அதே கியோட்டோ போலீஸ்தான்! பிறகு ராணுவத் தகவல், நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கசிந்து, 2006 மார்ச்சில் அமைச்சரவைத் தலைமைச் செயலாளராக இருந்த ஷின்சோ அபே, தயவுசெய்து யாரும் வின்னியைப் பயன்படுத்தாதீர்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஓட்டையை அடைக்கத் தெரிந்த மனிதர் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார். சின்னத் திருத்தம் போதும் என்றும் சொன்னார். ஆனால் புதுப் பதிப்பு வெளியிட்டால் அதுவே இன்னொரு உடந்தைக் குற்றம் ஆகிவிடும். நிரலை எழுதியவனைச் சிறைக்கு அனுப்பலாம், ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அனுப்ப முடியாது. அது பராமரிப்பார் இல்லாமல் ஓடும், அவ்வளவுதான்.

கனேகோவுக்காகப் பேசியவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது கத்தி உதாரணம். அரிவாள் வெட்டுக்கு அரிவாள் அடித்துக் கொடுத்த கொல்லரைப் பிடிப்பார்களா என்ற கேள்வி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்லர் கொடுத்த அரிவாள் கொடுத்ததுதான், மறுபடி அவர் கைக்கு வராது. நிரலாளர் அப்படியில்லை. பயனர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவர் காதுக்கு வந்துகொண்டே இருக்கும், அதைக் கேட்டபடியே அடுத்த பதிப்பையும் வெளியிடுவார். இந்த இடத்தில் அரசுத் தரப்பின் வாதத்துக்கு வலு உண்டு. டிஜிட்டல் காலத்தில் பழைய காப்புரிமை முறை நிற்காது, தொழில்நுட்பம் அதை நெருக்கும் என்ற பொருளில் கனேகோ எழுதிய பதிவுகளையும் அவர்கள் எடுத்துவைத்தார்கள். காப்புரிமை உள்ள கோப்புகளைப் பரிமாறாதீர்கள் என்று தன் பக்கத்தில் அவர் எச்சரிக்கை போட்டிருந்ததும் உண்மை. இரண்டும் ஒரே ஆள் எழுதியவைதான்.

என் கதையைச் சொன்னால் சிக்கல் இன்னும் விளங்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி சமயம், சிவகாசிப் பக்கமிருந்து தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான். “அண்ணே, உங்க சாஃப்ட்வேர் சூப்பர்ணே. புதுப்படம் பிரிண்ட் வந்துச்சு, நம்ம பசங்க எல்லாருக்கும் அஞ்சு நிமிசத்துல போயிருச்சு!” பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறான். “டேய், அதுக்காடா எழுதி வச்சிருக்கேன்? அதெல்லாம் பண்ணாதீங்கடா” என்றேன். “சரிண்ணே, சரிண்ணே” என்று சிரித்தான். அடுத்த மாதம், பெரிய கோப்புகள் நடுவில் நின்றுபோகும் ஒரு பிழையைச் சரிசெய்து புதுப் பதிப்பு விட்டேன். காலண்டர் சீசன், அச்சகங்கள் காத்திருந்தன. அந்தப் பையனின் கூட்டாளிகளுக்கும் அது கூடுதல் வேகம் கொடுத்திருக்கும்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் வெளியிட்டேன். குற்றத்துக்கு இது போதுமா?

போதும் என்றது கியோட்டோ மாவட்ட நீதிமன்றம். 2006 டிசம்பர் 13-இல் வந்த தீர்ப்பில், காப்புரிமை மீறலைப் பரப்புவது கனேகோவின் நோக்கமாக இருக்கவில்லை என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் மீறல் நடக்கிறது என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமல் வெளியிட்டார், ஆகவே உடந்தைதான் என்று சொல்லி 15 லட்சம் யென் அபராதம் போட்டார். அரசுத் தரப்பு கேட்டது ஓராண்டுச் சிறை. அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கனேகோ கட்டவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார். 2009 அக்டோபர் 8-இல் ஒசாகா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மீறலுக்குத்தான் இது, அல்லது பெரும்பாலும் அதற்குத்தான் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டுமே உடந்தை என்றது அது.

2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் விடுதலையை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு ஒசாகா சொன்ன காரணத்தை அப்படியே ஏற்கவில்லை. யாரோ எங்கேயோ தப்பாகப் பயன்படுத்தலாம் என்ற பொதுவான அறிவு மட்டும் இருந்தால் குற்றமில்லை. கண்ணெதிரே ஒரு குறிப்பிட்ட மீறல் நடக்கப்போகிறது என்று தெரிந்து கொடுத்தால் குற்றம். அல்லது, விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பலர் மீறலுக்கே பயன்படுத்துவார்கள் என்பதை அறிந்து, அதற்கு மனதார உடன்பட்டுக் கொடுத்தாலும் குற்றம். வின்னியில் ஓடிய கோப்புகளில் 40 சதவீதம் போல அனுமதியற்றவை என்ற மதிப்பீடு நீதிபதிகள் முன் இருந்தது. அப்படியிருந்தும், கனேகோவுக்கு அந்த அளவு தெரிந்திருந்தது, அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி, அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்று நினைத்தார். இரண்டு பக்கமும் படித்தபின், அந்த ஒருவர் சொன்னது அடாது என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. என் சண்டை அங்கே இல்லை. நிரல் எழுதியவனின் மனதுக்குள் என்ன இருந்தது என்று போலீஸும் மூன்று நீதிமன்றங்களும் ஏழரை வருடம் தோண்டும்படி இது ஏன் கிரிமினல் வழக்காக வரவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அதே சமயம் அமெரிக்காவில் இதே சண்டை சிவில் வழக்காக நடந்தது. ‘க்ரோக்ஸ்டர்’ என்ற கோப்புப் பரிமாற்ற நிறுவனத்தின் மேல் ஹாலிவுட் போட்ட வழக்கில், 2005 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மீறலைத் தூண்டி ஆள் சேர்த்தவர் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. அந்த நிறுவனம் கடையை மூடியது. யாருக்கும் விலங்கு மாட்டவில்லை. ‘கசா’ என்ற இன்னொரு கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் மூளையாக இருந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், யானுஸ் ஃப்ரீஸ் இருவரும் அதே கணினிக்குக் கணினி நுட்பத்தில் ‘ஸ்கைப்’ தொடங்கி, 2005-இல் இபே நிறுவனத்துக்கு 260 கோடி டாலருக்கு விற்றார்கள். கனேகோ அப்போது கியோட்டோ நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் இருந்தார். கடைசித் தீர்ப்பு வந்து ஒன்றரை வருடத்தில், 2013 ஜூலை 6-ஆம் தேதி, மாரடைப்பில் இறந்தார். வயது 42.

நிரலாளர் என்றால் சிறைக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ‘மெகாஅப்லோட்’ என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தின் கதை வேறு. அங்கே கோப்புகள் அவர்கள் சர்வரிலேயே இருந்தன. கூட்டம் சேர்க்கிற கோப்பை ஏற்றியவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். வருமானம் அவர்கள் கல்லாவில் விழுந்தது. அதை நடத்தியவர்களில் இரண்டு பேருக்கு 2023-இல் நியூசிலாந்து நீதிமன்றம் இரண்டரை ஆண்டை ஒட்டிய சிறைத்தண்டனை கொடுத்தது. அவர்களும் நிரல் தெரிந்தவர்கள்தான், ஆனால் தண்டனை நிரலுக்கு இல்லை, கடை நடத்தியதற்கு. ஒரு படத்தில் போட்ட பணம் முதல் வாரத்திலேயே பறிபோகும் தயாரிப்பாளரின் வயிற்றெரிச்சலைக் கோடம்பாக்கத்தில் போய்க் கேட்டால், இதுவே குறைச்சல் என்பார்கள். அந்தக் கோபம் நியாயம்தான்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63: தெரிந்தே மீறுபவருக்கும், மீறலுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று 2022 மே மாதம் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடந்தை என்றால் வேண்டுமென்றே செய்யும் உதவி என்று நம் தண்டனைச் சட்டம் சொல்கிறது. ஆகவே வழக்கு முடியும்போது என் போன்றவன் தப்பித்துவிடலாம். ஆனால் அது வழக்கு முடியும்போது. கைது நடப்பது முதல் நாள்.

அதனால் நான் கேட்பது சின்னத் திருத்தம்தான். கோப்பைத் தானே வைத்திருக்காமல், மீறலுக்கு ஆள் பிடிக்காமல், அதில் காசும் பார்க்காமல், பொதுவான ஒரு கருவியை எழுதி வெளியிட்டவர் மேல் புகார் வந்தால், அதைப் பிரிவு 63-இன் கீழ் எடுக்காமல் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். அங்கே தடை உத்தரவு போடலாம், நஷ்டஈடு கேட்கலாம், மென்பொருளில் இன்னின்ன மாற்றம் செய் என்று கட்டளையிடலாம். கியோட்டோ போலீஸ் எழுதி வாங்கிக்கொண்ட தாளில் இந்தக் கடைசி வழி அடைபட்டுப்போயிற்று.