சிட்டை தொலைந்தால் பேரேடு என்னவாகும்?

கடை நடத்திய தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். வரவு செலவை உடனுக்குடன் சிட்டையில் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆற அமர உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். பல வட்டுகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் ‘இசட்எஃப்எஸ்’ கோப்பு முறையும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005ல் வெளியிட்ட இம்முறை, இன்று வீட்டுச் சேமிப்பகங்கள் முதல் பெரிய தரவு நிலையங்கள் வரை பயன்படுகிறது.

தரவுத்தளம் போன்ற செயலிகள், ‘எழுதியாகிவிட்டது’ என்ற உறுதி கிடைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும். அந்த உறுதியைக் கொடுப்பதற்காக, தரவு நினைவகத்தில் இருக்கும்போதே அதன் பிரதி பதிவேட்டில் எழுதப்படுகிறது. நினைவகத்தில் சேர்ந்தவை சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாகத் தொகுப்புக்குப் போகும். வன்வட்டு மெதுவானது என்பதால் பதிவேட்டுக்கென்றே தனி எஸ்எஸ்டி பொருத்துவோர் உண்டு.

அந்த எஸ்எஸ்டி பழுதானால்? சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தொலையாது. தரவுதான் நினைவகத்தில் இருக்கிறதே! பதிவேடு தொகுப்புக்குள்ளேயே எழுதப்படும். வேகம் குறையும், அவ்வளவுதான். மின்சாரம் மட்டும் போனாலும் பயமில்லை. மீண்டும் இயங்கும்போது பதிவேட்டைப் படித்து, விடுபட்டதை ஏற்றிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கடைசிச் சில விநாடிகளின் தரவு போகும். ஒன்றாகவா வரும் என்று கேட்காதீர்கள். மின்தடைக்குப் பிறகு எழுந்திருக்காத எஸ்எஸ்டிகள் உண்டு.

சில விநாடிதானே என்றும் விட்டுவிட முடியாது. பணம் கட்டியதற்கான பதிவு அந்த விநாடிகளில் இருக்கலாம். தொகுப்பின் 19ஆம் பதிப்புக்கு முன்னர் நிலைமை இன்னும் மோசம்: தனிப் பதிவேடு காணாமற்போனால் தொகுப்பையே திறக்க முடியாது. இப்போது ‘இசட்பூல் இம்போர்ட்’ கட்டளையுடன் ‘-எம்’ சேர்த்தால், அந்தக் கடைசி விநாடிகளைக் கைவிட்டுத் திறக்கலாம்.

இதற்குத் தீர்வு, ஒரே பதிவை இரண்டு எஸ்எஸ்டிகளில் எழுதும் ‘மிரர்’ அமைப்பு. ஏற்கெனவே ஒன்று இருந்தால், ‘அட்டாச்’ கட்டளையால் இரண்டாவதை அதனுடன் சேர்க்கலாம். பெரிதாக வாங்க வேண்டியதில்லை. விநாடிக்கு 1 கிகாபிட் வலையமைப்பில் 10 விநாடியில் வந்து சேர்வதே சுமார் 1.25 கிகாபைட்தான். கொள்ளளவுக்குச் செலவிடும் காசை, திடீர் மின்தடையிலும் எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டிக்குக் கொடுப்பதே மேல்.

இன்னொன்று. மிரரில் இரண்டும் ஒரே அளவு எழுதித் தேய்கின்றன. ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகமானால் அடுத்தடுத்துப் பழுதாகக்கூடும். ஆகவே ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளையை வாரம் ஒருமுறையாவது ஓடவிடுங்கள். ‘டிகிரேடட்’ என்று காட்டினால், இரண்டில் ஒன்று ஏற்கெனவே போயிருக்கலாம்.