பாட்டு நிலைக்கிறது, பெயர்கள்?

விடிவதற்கு முன்பே வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வேன் வந்து நின்றுவிடும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். டிரைவர் முதலில் போடுவது சாமி பாட்டு. அடுத்து எண்பதுகளின் இளையராஜா. பயர் ஆபீஸ் வாசலிலேயே கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும். மருந்து புழங்கும் இடத்தில் அதற்கு அனுமதி இல்லை. அதனால் போகிற வழிதான் பாட்டுக்கான நேரம். திரும்பும்போது பாதிப் பேர் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுவார்கள்.

அந்த வேன்களில் அடிக்கடி கேட்கும் படங்களில் ஒன்று, 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்'. அதில் ஜோடிப் பாட்டுப் பாடிய வாணி ஜெயராம் 2023 பிப்ரவரி 4 அன்று மறைந்தார். நாயகன் விஜயகாந்த் அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று போனார். அந்தப் படத்துப் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த பி.ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9 அன்று விடைபெற்றார். இரண்டு ஆண்டு முடிவதற்குள் ஒரே படத்தின் மூன்று பேர். ஆனாலும் வேனில் பாட்டு நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? இன்று ஐம்பதைத் தொடும் நம் அக்காமார்களைக் கேளுங்கள். அந்தப் படம் வந்தபோது அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அதற்குள் ஒரு தலைமுறையின் படிப்பு கருகிவிட்டது. பாடப்புத்தகம் கிடைக்காத கைகளுக்கு டீக்கடை ரேடியோ கிடைத்தது. மனப்பாடச் செய்யுள் தெரியாதவர்களுக்கு முழுப் பாட்டும் தெரியும். அவர்கள் திரையிசையை ரசிப்பதை மட்டமாகப் பேசும் படித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

விஜயகாந்த் நம் தெருவில் பிறந்தவர் அல்ல. ஆனால் கறுத்த மேனியோடு கதாநாயகனாக நின்றார். நம் பிள்ளைகள் கண்ணாடியில் பார்க்கும் நிறம் அது. 1985இல் வந்த 'அலை ஓசை' படத்தின் போராட்டப் பாட்டைத் தமிழகத்துச் சேரிகள் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டன. அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் கல்யாண வீட்டுக்கும் அது ஒலிக்காமல் இருக்காது. 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு ஒன்றை 2024இல் 'லப்பர் பந்து' மறுபடி ஒலிக்கவிட்டபோது, அவர் மறைவுக்குப் பிறகு பிறந்த புது ரசிகர்களே அதைக் கொண்டாடினார்கள். கிராமத்துக் கிரிக்கெட்டுக்குள் புகுந்திருக்கும் சாதியைப் பேசிய படம் அது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ரேடியோ செட் நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஊர்ச் சாவுக்கும் கோயில் கொடைக்கும் பறையடிப்பது கட்டாய ஊழியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காகவே அடிபட்டவர்கள் உண்டு. அடுத்தவர் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில் அடித்த கை, தனக்குப் பிடித்த பாட்டைத் தன் தெருவில் தானே போட்டது ஒரு விடுதலை. அதனால்தான் நம் ஊர்வலம் பொதுத்தெருவில் நுழையும்போது, "பாட்டை நிறுத்து" என்ற குரல் முதலில் வருகிறது. அவர்களுக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். நம் குழாயில் இருந்து அது வருவதுதான் பிடிக்காது. இசைக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுவது எளிது. குழாய்க்குச் சாதி இருக்கிறதே!

பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராசனும் தம்பிகளும் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர்கள். அந்த மேடையில் இருந்து புறப்பட்ட இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி' மூலம் திரைக்கு வந்து, 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார். அவர் படங்களின் வழியே நம் வயல்களின் தாளம் உலகத்துக்கே கேட்டது. அந்தத் தாளத்தை வழிவழியாகக் காத்த பறைக் கலைஞர்களின் பெயர்களோ எந்தத் தட்டின் உறையிலும் இல்லை.

பெயர் என்றதும் நெஞ்சை அடைக்கும் இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. ஒரு பாடகர் இறந்தால் அவர் பாடிய பாட்டை வைத்து நினைக்கிறோம். அந்தப் பாட்டைக் கேட்டபடி வேனில் போனவர்கள் இறந்தால் எத்தனை பேர் என்பதோடு செய்தி முடிகிறது. நிவாரணத் தொகை நினைவில் நிற்கிறது, பெயர் நிற்பதில்லை.

கலைஞர்களுக்குக் கண்ணீர் விடுவதில் தவறே இல்லை. அவர்கள் நம் களைப்பை ஆற்றியவர்கள். அதே கண்ணீரில் ஒரு பங்கு நம்மவர்களுக்கும் வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊரில் வெடிவிபத்தில் இறந்தவர்களின் பெயர், வயது, அவர்களுக்குப் பிடித்த பாட்டு – மூன்றையும் வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வருகிற பொங்கல் விழாவில் குழாய் கட்டியதும் முதலில் அந்தப் பெயர்களை வாசியுங்கள். பிறகு அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள். ஊர் முழுக்கக் கேட்கட்டும்.