மலையேறும் கேமராவுக்கு மார்பில் ஒரு பை!

செங்குத்தான பாறை. ஒரு கை பிடியில். மிச்சம் ஒரே கை. அதை வைத்துத்தான் பையைத் திறக்கணும், படம் பிடிக்கணும், கேமராவைத் திரும்ப வைக்கணும். நழுவினால் கேமரா மட்டுமா போகும்? கீழே ஏறி வருகிறவர் மண்டையும் போகும்!

1953-ல் எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி கேமராவைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். குளிருக்குப் பயந்துதான். டென்சிங் கொடியோடு நிற்கும் படம் அதில் எடுத்ததே!

அமெரிக்காவில் கேலன் ரோவெல் என்று ஒருவர் இருந்தார். கார் ரிப்பேர் தொழில் செய்தவர். 1972-ல் அதை விற்றுவிட்டு முழுநேரப் படக்காரர் ஆனார். முதுகு மூட்டையில் கேமராவைப் புதைத்தால், எடுப்பதற்குள் வெளிச்சம் ஓடிவிடுமே! ஆகவே மார்பில் சின்னப் பை. 1981-ல் லாசாவில் வானவில். அது பொட்டாலா அரண்மனை மேல் விழுகிற கோணத்தைப் பிடிக்க, சுமார் 12 ஆயிரம் அடி உயரத்தில் மனுஷன் ஓட்டமாய் ஓடினார். பெரிய மூட்டையோடு நடக்கிற காரியமா அது?

தைப்பதில்தான் சூட்சுமம். நைலான் துணி. மெத்தை அடியிலும் பக்கத்திலும் மட்டும். மற்ற இடத்தில் வீண் பாரம். தோள் வாரோடு இடுப்புக்கும் ஒரு வார், இல்லாவிட்டால் பை ஆடும். கேமராவைக் கட்டிவைக்க உள்ளே ஒரு வளையம்.

ஒரு தொல்லை உண்டு. மார்புப் பை காலை மறைக்கும். கால் வைக்கும் இடம் தெரியாதே! கடினமான இடம் வந்தால் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு ஏறுகிறார்கள்.